பார்ட் டைம் வேலைக்குப் போகலாமா? தினைப்புனத்து வள்ளி சொல்லித் தர்ற பாடம்

ஓம் சரவணபவ 🙏



ஆடிக் கிருத்திகைக்கு மருதமலை போயிருந்தேன். பஸ்ல மேல போகாம படியிலயே ஏறினேன். இடும்பன் சன்னதி வந்ததும் மூச்சு வாங்குச்சு, உக்காந்துட்டேன். எங்க பஜனைக் குழுவுல பாடுற ஒரு தங்கச்சி பின்னாடியே ஏறி வந்தா. பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. பக்கத்துப் படியில உக்காந்து, "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"னா.

அவங்க வீட்டுப் பக்கத்து பேக்கரியில சாயங்காலம் கல்லாவுக்கு ஆள் கேக்கறாங்களாம். அஞ்சரையில இருந்து ஒன்பதரை வரைக்கும். காலேஜ் முடிஞ்சு நேரா போயிடலாம். "போகலாமாண்ணா? அம்மா வேண்டாங்கறாங்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அவங்க குடும்பத்தை எனக்குத் தெரியும். அப்பா சொந்தமா லேத் பட்டறை வெச்சிருக்கார். வீட்டுக் கடன் அடைஞ்சாச்சு. காலேஜ் ஃபீஸ் ஒரு நாளும் லேட் ஆனதில்ல. அதனால நான் யோசிக்காம சொல்லிட்டேன்: "வீட்டுலதான் காசு இருக்கே, உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?"

அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "அப்பாகிட்ட காசு இருக்குண்ணா. என்கிட்ட இல்ல."

இந்த ஒரு வார்த்தை என்னை மேல சன்னதி வரைக்கும் விடல. தரிசனம் முடிஞ்சு இறங்குறப்ப அவகிட்ட சொன்னதை, கொஞ்சம் விரிவா உங்களுக்கும் எழுதறேன். உங்கள்ல நிறைய பேருக்கு இதே கேள்வி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

பசிக்கு வேலை தேடுறவங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. வாடகை கட்டணும், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்னா போய்த்தான் ஆகணும். முருகான்னு கும்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. குழப்பமெல்லாம் போகலாம், போகாமலும் இருக்கலாம்னு இருக்கிற நமக்குத்தான். நம்ம நேரத்தை நாமே எடுத்து எங்கயோ வைக்கப் போறோம். எங்க வைக்கிறோம்னு முருகனுக்குக் கணக்கு சொல்லணும்.

சரி, காசுக்காக இல்லாம வேலைக்குப் போனவங்க நம்ம சாமி கதையில யாராவது இருக்காங்களா? இருக்காங்க. நம்ம வள்ளியம்மை.

வள்ளி யாரு? வேடர் தலைவன் நம்பிராஜனோட பொண்ணு. வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடைச்ச குழந்தை, அதனால வள்ளி. ஆசை ஆசையா வளர்த்தாங்க. அந்த மலையில அவங்க வீட்டுலதான் எல்லாமே இருந்திருக்கும். ஆனாலும் பருவம் வந்ததும் தினைப்புனம் காக்க அனுப்பினாங்க. குறிஞ்சி நிலத்துல அதுதான் வழக்கம். பரண் மேல ஏறி நிக்கணும். கவண்ல கல் வெச்சு விடணும். ஆலோலம் பாடி கிளியையும் குருவியையும் விரட்டணும். வெயில், காத்து, கை வலி எல்லாம் உண்டு. தலைவன் பொண்ணுன்னு கிளி பயந்துக்கிட்டு வராம இருக்குமா?

இந்தக் கதையை விரிவா பாடினவர் காஞ்சிபுரம் குமரக்கோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார். கந்தபுராணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல. அதுல வள்ளி கல்யாணம் கடைசியில வரும். அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ஒரு விஷயம் மட்டும் ரொம்ப லேட்டாத்தான் மண்டையில ஏறுச்சு. அது ஏறுன விதத்தைச் சொல்லணும்னா என் தப்பைச் சொல்லியாகணும்.

2008. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். எங்க வீட்டுலயும் பணக் கஷ்டம் கிடையாது. தீபாவளி சமயத்துல ஒரு ஜவுளிக்கடையில சாயங்கால வேலைக்குப் பசங்களை எடுத்தாங்க. என் கூட்டாளி ஒருத்தன் சேர்ந்தான், நானும் சேர்ந்தேன். எதுக்குன்னு கேட்டா, அப்ப வந்திருந்த ஒரு புது மாடல் கேமரா போன். வகுப்புல ரெண்டு பேர் வெச்சிருந்தாங்க. எனக்கும் வேணும். வீட்டுல கேட்டா திட்டு விழும். அவ்வளவுதான் காரணம்.

அஞ்சு மணிக்குப் போனா ஒன்பதரை. முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணும். இப்ப 2021-ல சட்டத்தைத் திருத்தி கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. அப்ப அதெல்லாம் இல்ல. முதல் வாரம் ராத்திரி கால் ரெண்டும் வீங்கிப் போகும். ஆனா பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலை எனக்கு நிறைய சொல்லிக் குடுத்துச்சு. நாப்பது புடவையை விரிச்சுக் காட்டி, எடுக்காம எழுந்து போறவங்ககிட்ட சிரிச்ச முகமா "வாங்கம்மா, மறுபடி வாங்க"ன்னு சொல்லக் கத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எந்தக் கடைக்காரப் பையன்கிட்டயும் நான் குரல் உயர்த்தினதில்ல.

தீபாவளி முடிஞ்சதும் பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. என்னைத் தொடரச் சொன்னாங்க. என்கூட நின்ன ஒரு பையனை நிறுத்திட்டாங்க. அவன் ஊருக்குப் பணம் அனுப்பிக்கிட்டிருந்தவன். என்னால்தான் அவனுக்குப் போச்சான்னு எனக்குத் தெரியாது, முதலாளி கணக்கு முதலாளிக்கு. ஆனா ஒண்ணு தெரியும். ரெண்டு பேர்ல அந்த வேலை தேவைப்பட்டவன் அவன். தொடர்ந்து போனவன் நான். போன் வாங்குற காசு அதுக்குள்ள சேர்ந்திருச்சு. ஆனாலும் போய்க்கிட்டே இருந்தேன். மாசாமாசம் கையில காசு வர்றது ஒரு ருசி. அந்த வருஷம் பழனி பாதயாத்திரைக்குக்கூட லீவு கிடைக்காம போகல.

இப்ப வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். எங்க ஊர்ப் பக்கம் அப்பாவோட அப்பாவை அப்பாருன்னுதான் கூப்பிடுவோம். எங்க அப்பாருக்கு கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வை முக்கால்வாசி போயிருச்சு. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு வெச்சதும் நான் அவருக்குக் கவசம் படிப்பேன். அப்புறம் கந்தபுராண வசனப் புத்தகத்துல ரெண்டு பக்கம். ஸ்கூல் படிக்கறப்ப இருந்து அந்தப் பழக்கம். நான் கடைக்குப் போக ஆரம்பிச்சதும் அது நின்னு போச்சு. அவர் ஒரு வார்த்தை கேக்கல. அம்மா டேப்புல கவசம் போட்டு விடுவாங்க. கேட்டுட்டுப் படுத்துக்குவார்.

தை மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வர்றேன். அப்பாரு திண்ணையில முழிச்சு உக்காந்திருக்கார். செருப்புச் சத்தத்துல கண்டுபிடிச்சுட்டார்.

"வந்துட்டியா கண்ணு? சாப்புட்டியா?"

"இல்லீங்க அப்பாரு, இனிமேதான்."

"சாப்புடு, சாப்புடு. ஏங்கண்ணு, அந்தக் கதை அப்படியே நிக்குதே. கெழவன் தண்ணி கேக்கறான். இன்னும் குடுக்கலியே?"

சொல்லிட்டு அவரே சிரிச்சார். எனக்கு முதல்ல புரியல. உள்ள போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அடையாளத்துக்கு வெச்ச திருநீறு பொட்டலம் வள்ளியம்மை கல்யாணக் கதையில இருந்துச்சு. முருகப் பெருமான் கிழவரா வந்து, பசிக்குதுன்னு வள்ளிகிட்ட கேட்டு, அவ தேனும் தினைமாவும் குடுத்து, அவர் சாப்பிட்டுட்டு தாகமா இருக்குன்னு சொல்ற இடம். அங்க நிறுத்தி நாலு மாசம் ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல.

யோசிச்சுப் பாருங்க. வள்ளி வேலையில இருக்கறவ. பரணை விட்டு இறங்கினா கிளி வரும், தினை போகும். வந்திருக்கறதோ யாருன்னே தெரியாத ஒரு கிழவர். "நான் டூட்டியில இருக்கேன் தாத்தா, வேற யாரையாவது கேளுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். அவ சொல்லல. தேனும் தினைமாவும் குடுத்தா. தாகம்னதும் சுனைக்குக் கூட்டிட்டுப் போனா. அந்தக் கிழவர் யாருன்னு நமக்குத் தெரியும். அவளுக்கு அப்பத் தெரியாது. தெரியாமலே குடுத்தா பாருங்க, அதுதான் வள்ளி.

என் வீட்டுலயும் ஒரு கிழவர் இருந்தார். அவர் கேட்டது ரெண்டு பக்கம். நான் ஊர்ல யார் யாருக்கோ புடவை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேன்.

மாசி மாசம் கடையில சொல்லிட்டு நின்னுட்டேன். அந்த போன் ரெண்டு வருஷத்துல கெட்டுப் போச்சு. அப்பாரு அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தார். புத்தகத்தை முழுசா ரெண்டு தடவை படிச்சோம். முருகன் எனக்குக் குடுத்த பெரிய சம்பளம் அதுதான்.

இதைக் கேட்டுட்டு அந்தத் தங்கச்சி, "அப்ப போக வேண்டாங்கறீங்களாண்ணா?"ன்னா. இல்லம்மா, அப்படிச் சொல்லல. வள்ளி வேலைக்குப் போனவதானே! அந்த வேலை நடந்த இடத்துலதான் முருகனே அவளைத் தேடி வந்தார். வேலை சாமிக்கு விரோதம்னு நினைக்கறது தப்பு. அவ வேலை செஞ்ச விதத்தை மட்டும் பாரு. அதுல மூணு விஷயம் எனக்குத் தெரியுது.

முதலாவது, யாருக்காக நிக்கறோம்னு அவளுக்குத் தெரியும். அந்தத் தினை அவ ஊர் சனத்தோட சாப்பாடு. நீ யாருக்காகப் போறேன்னு உனக்கே தெளிவா தெரியணும். "அவ வெச்சிருக்கா, எனக்கும் வேணும்"ங்கறது பதில் ஆகாது, நான் பட்டுட்டேன். ஆனா "ஒவ்வொரு தடவையும் கை நீட்டிக் கேக்கறது எனக்குக் கூச்சமா இருக்கு, என் கையில நாலு காசு இருக்கணும்"னு நீ நினைச்சா அது நல்ல பதில். அந்த எண்ணம் ஆசையில சேராது, தன்மானத்துல சேரும். மேல படியில நான் அவசரப்பட்டு "வீட்டுலதான் இருக்கே"ன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ. மனுஷங்களோட பழகக் கத்துக்கணும், தொழில் கத்துக்கணும், முருகனுக்கு என் உழைப்புல ஒரு பால்குடம் எடுக்கணும், இதெல்லாமும் நல்ல பதில்தான்.

கூடவே அந்த இடம் வேற யாருக்காவது உயிராதாரமான்னும் ஒரு தடவை பார்த்துக்கோ. எல்லா வேலையிலயும் அப்படி இருக்காது. இருந்தா, நம்ம பொழுதுபோக்குக்கு அதுல போய் நிக்க வேண்டாம்.

ரெண்டாவது, அந்த வேலைக்கு ஒரு முடிவு இருந்துச்சு. தினை விளைஞ்சு கதிர் அறுத்தாச்சுன்னா புனத்துல வேலை இல்ல. வள்ளி வீட்டுக்குத் திரும்பிட்டா. நான் செஞ்ச பெரிய தப்பு இங்கதான். தீபாவளியோட அறுவடை முடிஞ்சிருச்சு, நான் பரணை விட்டு இறங்கல. அதனால சேரும்போதே ஒரு தேதி முடிவு பண்ணு. செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி, இல்லேன்னா இத்தனை ஆயிரம் சேர்ந்ததும், இப்படி ஏதாவது. அந்தத் தேதியைக் காலண்டர்ல எழுது. அப்பத் தொடரணும்னு தோணுச்சுன்னா மறுபடி புதுசா யோசிச்சு முடிவு எடு. பழக்க தோஷத்துல ஓட வேண்டாம்.

மூணாவது, கிழவர் வந்து தண்ணி கேட்டா குடுக்க நேரம் இருக்கணும். உன் வீட்டுல அந்தக் கிழவர் யாருன்னு பாரு. அம்மாவா இருக்கலாம். பாடம் கேக்கற தம்பியா இருக்கலாம். உன் உடம்பாவும் இருக்கலாம், அதுவும் தூக்கம் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கும். தினமும் சாயங்காலம் நாலு மணி நேரத்தை எடுத்தா யாரோட தாகம் அப்படியே நிக்கும்னு கணக்கு போடு. நிக்கும்னா அந்த வேலையை வேற நேரத்துக்கு மாத்த முடியுமான்னு கேளு. முடியலேன்னா அந்த வேலை இப்ப உனக்கு இல்ல. வேற வரும்.

வேண்டாம்னு முடிவு பண்ற தம்பி தங்கைகளுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். "என் வயசுல எல்லாரும் சம்பாதிக்கறாங்க, நான் சும்மா இருக்கேன்"னு மனசைப் போட்டுக் குத்திக்காதீங்க. காலியான நேரம் எல்லாமே வீண் நேரம் கிடையாது. இன்னைக்கு நாம திருப்புகழ் பாடறோமே, அது எப்படி நம்ம கைக்கு வந்துச்சு தெரியுமா? வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளைன்னு ஒருத்தர். நீதிமன்ற உத்தியோகம், சம்பளத்துக்குக் குறைவில்ல. 1871-ல ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு திருப்புகழ்ப் பாட்டைச் சான்றா காட்டினாங்க. அதைக் கேட்டு உருகிப் போனார். அங்கங்க சிதறிக் கிடந்த பாட்டையெல்லாம் தேட ஆரம்பிச்சார். உத்தியோகம் போக மிச்ச நேரத்துல ஊர் ஊரா சுவடி தேடினார். முதல் தொகுதி 1894-லதான் அச்சாகி வந்துச்சு. 23 வருஷம்! அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை பதிவுத்துறையில வேலை பார்த்துக்கிட்டே அந்தப் பணியைத் தொடர்ந்து, பாட்டுக்கெல்லாம் உரை எழுதினார்.

அப்பாவும் மகனும் சம்பளம் இல்லாத பார்ட் டைம் வேலைதான் பார்த்தாங்க. அன்னைக்கு அந்த நேரத்தையும் காசாக்கப் பார்த்திருந்தா, இன்னைக்கு எத்தனை பாட்டு நம்ம வாயில வந்திருக்குமோ! உங்க காலி நேரத்தைக் காசுக்கும் குடுக்கலாம், கலைக்கும் குடுக்கலாம், படிப்புக்கும் குடுக்கலாம், வீட்டுப் பெரியவங்களுக்கும் குடுக்கலாம். ரீல்ஸுக்கு மட்டும் குடுத்துட்டு "எனக்கு வேலையும் வேண்டாம், நான் முருகனைப் பார்த்துக்கறேன்"னு சொன்னா அவர் மயில் மேல உக்காந்து சிரிப்பார்!

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன காரியம் செய்ங்க. வர்ற சஷ்டி அன்னைக்கு விளக்கேத்தி வெச்சுட்டு, ஒரு தாள்ல உங்க ஒரு வாரத்தை எழுதுங்க. காலேஜ், பஸ், தூக்கம், படிப்பு, வீடு, கோயில், போன், எல்லாம். போன் நேரத்தையும் உள்ளபடி எழுதுங்க, அவருக்குத் தெரியாததா? அதுக்குப் பக்கத்துல மூணு கேள்வி: யாருக்காக? எது வரைக்கும்? யாரோட தாகம் நிக்கும்? பதிலை எழுதி வேல் முன்னாடி வெச்சுட்டுப் படுங்க. மறுநாள் அதைப் படிச்சுட்டு வீட்டுல பேசுங்க. குருவி மாதிரி பூ விழுமா, பல்லி சொல்லுமான்னு காத்திருக்க வேண்டாம். யோசிக்க அறிவு குடுத்ததே அவர் உத்தரவுதான்.

அந்தத் தங்கச்சி என்ன பண்ணினான்னு கேப்பீங்க. புரட்டாசிக் கிருத்திகைக்கு மறுபடி மருதமலையில பார்த்தேன். பேக்கரிக்காரர்கிட்ட அவளே போய்ப் பேசியிருக்கா. தினமும் சாயங்காலம் முடியாது, சனி ஞாயிறு காலையில மட்டும் வர்றேன்னு. அவர் முதல்ல யோசிச்சுட்டு, ஞாயித்துக்கிழமைதான் கூட்டம், வாம்மான்னுட்டார். மார்கழி வரைக்கும்தான்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கா. அவங்க அப்பா அப்பவும் ஒண்ணும் சொல்லல, ஆனா முதல் ஞாயிறு அவரே வண்டியில கொண்டு போய் விட்டாராம்.

அன்னைக்கு அவ அம்மாவும் கூட வந்திருந்தாங்க. அடிவாரத்துல பூக்கடையில நின்னு அம்மா பர்ஸைத் திறக்கறாங்க. இவ கையைப் பிடிச்சுத் தடுத்து, "நான் குடுக்கறேன்மா"ங்கறா. முப்பது ரூபாய்ப் பூ. அந்த அம்மா முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

நானும் அவங்களோடவே படியேறினேன். இடும்பன் சன்னதிகிட்ட ஒரு வயசானவர் உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டிருந்தார். அந்தப் பொண்ணு பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்து, "குடிங்க தாத்தா"ன்னு நீட்டினா. நான் ஒண்ணும் சொல்லல. மேல பார்த்துக் கும்பிட்டுக்கிட்டேன்.

இதே யோசனையில இருக்கற தோழன் தோழி யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுக் கிழவர் ஏதாவது கேட்டுக்கிட்டிருக்காரான்னு ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! வள்ளி மணாளனுக்கு அரோகரா! 🦚